விடுதலைக்கு முன்னால் எடுத்த படம்

மயிலாத்தாள் செய்த ஒரே குற்றம், தன் கோழிகளைக் கூண்டில் அடைக்காமல் வளர்த்தது.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஊத்துக்குளி ரோட்டில் பனியன் கம்பெனி நடத்தும் தங்கதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு, சரக்கு வாங்கும் ஐரோப்பிய பையரிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. எங்கள் டீ-சர்ட்டைத் தைக்கிறவர்கள் உங்கள் கேன்டீனில் முட்டை சாப்பிடுகிறார்கள். அந்த முட்டையைப் போட்ட கோழி சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டிருந்தார்கள்.

தைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. லைனில் நிற்க வைத்து "ஹேப்பியா?" என்று கேட்டால் "ஹேப்பிங்க" என்று சொல்லப் பழக்கியாயிற்று. இந்திக்காரப் பையன்கள்கூட அதைக் கொங்குத் தமிழிலேயே சொல்லுவார்கள். கோழியைப் பழக்கத்தான் ஆளில்லை. அதற்காக ஒரு பதவி உண்டாக்கினார்கள், அந்தப் பதவியில் சிவராஜ் வந்து உட்கார்ந்தான்.

சிவராஜ் மயிலாத்தாளின் அண்ணன் மகன். அவர்கள் குடியிருந்த காலனியிலேயே கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்த முதல் ஆள். அவன் காலேஜ் போன காலத்தில் அத்தை ஊட்டுக் கோழி முட்டையிடாத நாள் இருந்திருக்கலாம், அவன் தட்டில் முட்டை இல்லாத நாள் இருந்ததில்லை. இன்னும் அவன் டெம்பரவரிதான். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அத்தை ஒரு சேவலை முனியப்பனுக்கு நேர்ந்து விட்டிருந்தாள். நேர்ந்த சேவலை விற்கக் கூடாது, அடைக்கக் கூடாது, வேண்டுதல் பலித்த அன்றைக்குக் கோயிலில் அறுக்க வேண்டும். அதுவரைக்கும் அது சாமி சொத்து. அந்தத் தெனாவட்டு அதன் நடையிலேயே தெரியும்.

"அத்தை, இனி உங்க முட்டை பூராவும் கம்பெனி கேன்டீனுக்குத்தானுங்க," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னான் சிவராஜ். "ஆனந்தக் கோழித் திட்டம்னு பேரு. நீங்க திரும்பச் செக்கிங் டேபிளுக்குப் போய் நிக்க வேண்டியதே இல்லீங்க."

மயிலாத்தாளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து, நின்று நின்றே காலில் நரம்பு முடிச்சுப் போட்டுவிட்டது. கம்பெனியை விட்டு வந்தபின் கோழிதான் சோறு போட்டது. காலனிக்குப் பின்னால் இருக்கிற மேட்டில், வேப்பமரத்தடியில் பகல் பூராவும் கிளறித் திரியும். பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறிக்கொள்ளும். மெஸ் நடத்தும் குமாரவேல் அந்த முட்டைக்காகவே 'ஓடித் திரியும் கோழி முட்டை இங்கு கிடைக்கும்' என்று போர்டு எழுதி வைத்திருந்தார்.

"என்ற கோழிக்கு ஒண்ணும் ஆவாதில்ல சாமி?"

"நெம்ப நல்லாப் பாத்துக்குவாங்க அத்தை. அதுக்குத்தானே திட்டமே."

முதலில் முட்டை சாம்பிள் ஆபீசுக்குப் போனது. தங்கதுரை அதைத் துணிக்கு ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "ஏப்பா சிவராஜ், ஒரே லாட்டுல நாலு ஷேடு வருது? இது வெளுத்துக் கெடக்குது, இது டார்க் அடிக்குது. சரி பண்ண முடியாதா?"

"கோழி முட்டைங்க சார். அப்பிடித்தானுங்க வரும்."

"கோழிகிட்டச் சொல்லு. பையர் ஒத்துக்கணும்ல."

அடுத்து, சான்றிதழ் தரும் அகில உலகக் கோழி மகிழ்ச்சி மன்றத்தின் ஆலோசகர் கீதாஞ்சலி கோயமுத்தூரிலிருந்து காரில் வந்தாள். தொப்பி, காலுக்கு பிளாஸ்டிக் உறை, கையில் டேப். கோழிகளைப் பார்த்ததும் உண்மையிலேயே அவள் கண் மலர்ந்தது. மண்ணில் புரளுகிறதா என்று பார்த்தாள். புரண்டது. இறக்கையை விரிக்கிறதா என்று பார்த்தாள். ஒரு கோழி அவள் தொப்பிமேலேயே விரித்துக் காட்டியது.

"அருமைங்க! சரி, இதுக்கு முன்னாடி எங்க அடைச்சு வெச்சிருந்தீங்க?"

"அடைக்கலீங்களே," என்றாள் மயிலாத்தாள்.

"அதுக்கும் முன்னாடி?"

மயிலாத்தாள் யோசித்தாள். "முட்டைக்குள்ள இருந்துச்சுங்க."

கீதாஞ்சலி டேப்பைச் சுருட்டினாள். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவளின் களை. "அப்பப் பிரச்சனைதான் சிவராஜ். இந்தக் கோழிங்க ஏற்கெனவே சுதந்திரமா இருக்குதுங்க. நாம என்ன முன்னேற்றம் காட்டறது? முன்னேற்றம்னா முன்ன ஒண்ணு வேணும், பின்ன ஒண்ணு வேணும். இங்க பின்ன மட்டும்தான் இருக்குது. பேஸ்லைனே இல்ல."

"அது என்னங்க அம்மணி லைனு?"

"ஆரம்ப நிலைமைங்க அம்மா. மோசமா இருக்கணும். அப்பத்தான் அதுலருந்து எவ்வளவு நல்லா ஆச்சுன்னு அளக்க முடியும். அளக்க முடியாத சந்தோஷத்தை எங்க மன்றம் ஏத்துக்கறதில்லீங்க."

பக்கத்து ஊட்டுச் சின்னாத்தாள் வேலியோரம் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங் அம்மணி, நல்லா இருக்கறவனுக்கு வைத்தியம் பாக்கோணும்னா மொதல்ல காலை ஒடிக்கோணுமுங்களா?" என்று கேட்டாள். கீதாஞ்சலி அதை 'உள்ளூர் மக்கள் ஆர்வத்துடன் கேள்வி கேட்டனர்' என்று குறித்துக்கொண்டாள்.

அப்படித்தான் கூண்டு வந்தது. கோழிகளைக் கூண்டிலிருந்து விடுவிக்கும் திட்டத்துக்காக, கூண்டையே பார்க்காத கோழிகளுக்குக் கம்பெனிச் செலவில் கூண்டு.

முதல் கூண்டை அவிநாசியிலிருந்து வந்த வெல்டர் அடித்தார். நல்ல மனுசன். கோழி திரும்பிப் படுக்கட்டும் என்று கொஞ்சம் அகலமாகவே அடித்துவிட்டார். கீதாஞ்சலி உள்ளே டேப்பை விட்டுப் பார்த்துவிட்டு ரிஜெக்ட் செய்தாள்.

"இடம் ஜாஸ்திங்க. இது கொடுமைக்குப் பத்தாது."

"கோழிதானுங்க மேடம், சித்தெ அசையட்டும்னு..." என்று வெல்டர் இழுத்தார்.

"உங்க இஷ்டத்துக்குக் கொடுமை பண்ண முடியாதுங்க. கொடுமைக்கும் ஒரு ஸ்டாண்டர்ட் இருக்குது. ஒரு கோழிக்கு ஒரு ஜெராக்ஸ் பேப்பர் அளவு. அதுக்கு மேல போனா மன்றம் நம்பாது."

இரண்டாவது கூண்டு ஸ்டாண்டர்டுக்கு வந்தது. மூன்று அடுக்கு. மயிலாத்தாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"வேண்டாம் கண்ணு. மனசு கேக்கல."

"ரெண்டு வாரம்தானுங்க அத்தை. ஐரோப்பாவுலருந்து ஆடிட்டர் வருவாங்க, படம் எடுப்பாங்க, கதவைத் தொறந்துருவோம். இது நடந்தா என்னைப் பர்மனென்ட் பண்றேன்னு முதலாளி வாயால சொல்லிட்டாருங்க." அவன் குரல் இறங்கியது. "இல்லீன்னா மறுபடியும் நான் டெய்லர்தானுங்க அத்தை."

மயிலாத்தாள் தானே கோழிகளைப் பிடித்தாள். வேறு யார் கூப்பிட்டாலும் அவை வராது. "பா... பா..." என்றதும் தீவனம் என்று நம்பி ஓடி வந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அவன் கையில் கொடுத்தாள், அவன் உள்ளே தள்ளினான்.

மிச்சம் சேவல். அது வேப்பமரக் கிளையில் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதையும் புடிங்க," என்றாள் கீதாஞ்சலி. "ஒண்ணு வெளிய சுத்துனா பேஸ்லைன் கெட்டுப் போகும்."

"அது ஆகாதுங்க அம்மணி. அது முனியப்பனுது."

"ஓ, ஓனர் வேறயா? அப்ப அவரோட சம்மதம் வேணும். அவர் எங்க இருக்காரு?"

"ஏரிக்கரைலங்க. குதிரைமேல."

சிவராஜ் அவள் காதில் என்னவோ சொன்னான். கீதாஞ்சலி அசரவில்லை. எந்தப் பங்காளியையும் கலந்து பேசாமல் முடிவெடுக்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. எல்லோரும் காரில் ஏறி ஏரிக்கரைக்குப் போனார்கள். பூசாரி அய்யாசாமி வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் மடித்து, குலுக்கி, முனியப்பன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் கூடாது என்கிறது. சாமியிடம் பூக் கேட்காமல் அந்தப் பக்கத்தில் கிணறுகூட வெட்டமாட்டார்கள். அய்யாசாமி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"கூடாதுங்குது சாமி," என்றார்.

கீதாஞ்சலி 'டிக்' போட்டாள். "ஓனர்கிட்டக் கேட்டாச்சு."

"சாமி வேண்டாம்னு சொல்லீருச்சுங்களே!" என்றாள் மயிலாத்தாள்.

"கேட்டமா இல்லையாங்கறதுதான் முக்கியமுங்க அம்மா. என்ன பதில் வந்துச்சுங்கறது எங்க ஸ்கோப்ல வராது."

ஆனால் சிவராஜுக்கு முனியப்பன்மேல் பயம் இருந்தது. அந்தக் காலனியில் பிறந்தவன் அல்லவா. மெதுவாக ஒரு யோசனை சொன்னான்: சேவலை அடைக்க வேண்டாம், அறிக்கையில் அதைக் காட்டுப் பறவை என்று எழுதிவிடலாம். கீதாஞ்சலிக்கு வாயெல்லாம் பல். பல்லுயிர்ப் பாதுகாப்புக்குத் தனி மார்க் உண்டாம்.

அன்று சாயங்காலம் சிவராஜ் செல்போனில் படம் எடுத்தான். "அத்தை, கூண்டுக் கதவைப் புடிச்சுட்டு நில்லுங்க. சிரிக்காதீங்க. இன்னும் சித்தெ மொறைங்க."

"எதுக்குடா மொறைக்கோணும்?"

"சும்மாதானுங்க. ஆபீஸ் ஃபைலுக்கு."

மயிலாத்தாள் முறைத்தாள். வெயிலில் கண் கூசியதால் அது கச்சிதமாகவே வந்தது.

இரண்டு வாரம் போயிற்று. ஆடிட்டருக்கு விடுமுறை. பிறகு அவர்கள் ஊரில் விமான ஸ்ட்ரைக். பிறகு, கணக்கு வருஷம் முடியட்டும் என்றார்கள். ஆடி வந்தது, காற்று வந்தது, ஆடிட்டர் வரவில்லை. கூண்டுக்குள் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. முதுகு சொட்டையாயிற்று. முட்டை குறைந்தது, பிறகு நின்றே போனது. குமாரவேலுக்குக் கொடுக்கவும் முட்டை இல்லை. கேன்டீனுக்கு வழக்கம்போலப் பண்ணை முட்டை லாரியில் அட்டை அட்டையாக வந்து இறங்கியது. சேவல் மட்டும் தினமும் கூண்டைச் சுற்றி வரும். எங்காவது கரையான் கண்டால், கோழிகளைச் சாப்பிடக் கூப்பிடும் அந்தக் 'கொக் கொக் கொக்' குரலைக் கொடுக்கும். உள்ளேயிருந்து கழுத்துகள் நீளும். வர வழியில்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சேவலும் தின்னாமல் போய்விடும்.

ஒரு காலையில், அடி அடுக்கில் செவலைக் கோழி செத்துக் கிடந்தது. மயிலாத்தாள் போன் போட்டாள்.

"சிவராசு, செவலை போச்சுடா. நான் கதவைத் தொறக்கறன்."

"அய்யோ தொறந்துராதீங்க அத்தை! இத்தனை நாள் பேஸ்லைன் வீணாப் போயிரும். செத்த கோழியப் படம் எடுத்து அனுப்புங்க. சாவு விகிதம் முன்ன கூடுதலா இருந்தா நமக்கு நல்லதுங்க."

"நமக்கா?"

லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை என்று பிறகு சொன்னான்.

ஒருவழியாக நாள் குறித்தார்கள். மேட்டில் சாமியானா போட்டார்கள். வேப்பமரம் மறைக்கிறது என்று தாழ்ந்த கிளைகளை வெட்டினார்கள். கூண்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்து, கம்பெனியில் காலருக்கு வைக்கும் ரிப் துணியையே ரிப்பனாகக் கட்டினார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ். ஒரு பாதியில், முறைத்த முகத்தோடு கூண்டுக் கதவைப் பிடித்திருக்கும் மயிலாத்தாள். மறுபாதியில், கையில் வெள்ளைக் கோழியோடு சிரிக்கும் தங்கதுரை. கீழே எல்லாம் இங்கிலீஷ்.

"என்னத்தடா எழுதியிருக்குது?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"உங்களைப் பாராட்டித்தானுங்க அத்தை," என்றான் சிவராஜ், மைக் வயரைப் பார்த்தபடி.

ஐரோப்பாவிலிருந்து ஆடிட்டராக வந்த அம்மா வயசானவள், சாந்தமான முகம். கோழிகளைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

தங்கதுரை பேசினார். "கோழியும் நம்ம லேபர் மாதிரித்தானுங்க. முட்டை போடற வரைக்கும் அது நம்ம குடும்பம். எங்க கம்பெனில யாரையும் அடைச்சு வெக்கறதில்லீங்க. ஷிப்மென்ட் டைம்ல கேட்டை மட்டும்தான் பூட்டுவோம். அதுவும் வெளிய போய் சிரமப்படக் கூடாதுன்னு." கைதட்டினார்கள். கைதட்டுவதற்கென்று கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள்.

கீதாஞ்சலி பேசினாள். "சுதந்திரத்தை ஒரேயடியாக் குடுத்தாக் கோழி பயந்துரும். அதனால கட்டங்கட்டமா. இந்த வருஷம் மேலடுக்கு. அடுத்த வருஷம் நடுவடுக்கு. அதுக்கடுத்த வருஷம் கீழடுக்கு. அப்பத்தான் வருஷா வருஷம் முன்னேற்றம் காட்ட முடியும்."

வேலியோரத்திலிருந்து சின்னாத்தாள், "கீழ இருக்கறது அது வரைக்கும் உசுரோட இருக்குமுங்களா?" என்றாள். பட்டாசு வெடித்ததில் யாருக்கும் கேட்கவில்லை.

ரிப்பன் வெட்டினார்கள். மேலடுக்குக் கதவு திறந்தது. ஒரு கோழியும் வெளியே வரவில்லை. அவை கம்பியைப் பிடித்தபடி, திறந்த கதவை ஏதோ புது வகைக் கம்பி என்பதுபோலப் பார்த்தன. கேமராக்காரர் பொறுமை இழந்தார். சிவராஜ் உள்ளே கையை விட்டு ஒரு கோழியைக் காலைப் பிடித்து இழுத்து, வெள்ளைக்காரம்மா கையில் வைத்தான். படம் எடுத்தார்கள்.

"இப்போது அந்தப் பெண் பேசுவார்," என்றார்கள்.

சிவராஜ் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தான்: 'வணக்கமுங்க, நெம்ப சந்தோசமுங்க' என்று முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். மயிலாத்தாள் மைக்கைப் பிடித்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் சொட்டை முதுகுகள் தெரிந்தன.

"என்ற கோழி ஒரு நாளும் கூண்டைக் கண்டதில்லீங்க. இந்த மரத்தடில ஓடித் திரிஞ்சுதுங்க. நீங்கதான் கூண்டு கொண்டாந்து அடைச்சீங்க. நான் நம்பிப் புடிச்சுக் குடுத்தனுங்க. கூப்பிட்டதும் நம்பி வந்துச்சுங்க. செவலை செத்துப் போச்சு. கீழ இருக்கறதையும் தொறந்து உட்டுட்டுப் போயிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

தங்கதுரையின் முகம் ஒரு நொடி சாயம் போய் ரீ-டையிங் கேட்டது. பிறகு சிவராஜைப் பார்த்தார்.

சிவராஜ் மைக்கை வாங்கினான். இங்கிலீஷில் மொழிபெயர்த்தான். அவன் நன்றாகப் பேசினான்; அந்தக் காலனியில் யாரும் அவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசிக் கேட்டதில்லை. அத்தை பேசியதைவிட நீளமாகப் போனது. நடுவில் குரல்கூடத் தழுதழுத்தது. முடித்ததும் வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினாள்.

மயிலாத்தாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தான் சொன்ன வார்த்தைக்கு யாரும் கைதட்டமாட்டார்கள் என்று தெரியும்.

வெள்ளைக்காரம்மா வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். திரும்பிச் சிவராஜிடம் என்னவோ கேட்டாள். அவன் தயங்கி, தலையைக் குனிந்து, மூன்று வார்த்தை சொல்லிக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாக மென்று, புன்னகையோடு தமிழில் சொன்னாள்:

"நாங்க... உங்களை... மன்னிச்சிட்டோம்."

சாமியானா பிரித்து, கார்கள் போனபின் மயிலாத்தாள் அவனைப் பிடித்தாள்.

"நான் என்ன சொன்னன்னு அந்தம்மாகிட்டச் சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தானுங்க."

"அப்பறம் எதுக்குடா மன்னிச்சாங்க?"

சிவராஜ் ஐ.டி. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவங்களுக்கு ஒரு கதை வேணுமுங்க அத்தை. ஒருத்தர் கொடுமை பண்ணியிருக்கோணும், அப்பறம் திருந்தோணும். முதலாளியவா அப்பிடிச் சொல்ல முடியும்?"

"அதுக்கு என்னையச் சொன்னியா?"

"உங்களுக்கு என்னங்க அத்தை நட்டம்? உங்களை ஆருக்கு அங்க தெரியப் போகுது?"

அவன் கீழடுக்குகளின் பூட்டை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

சின்னாத்தாள் கடப்பாரையோடு வந்தாள். "தள்ளி நில்லு மயிலாத்தா. கட்டங்கட்டமா உட்றதுக்கு எனக்குத் தெரியாது." பூட்டுத் தெறித்தது, கதவுகள் பெயர்ந்தன. அப்போதும் கோழிகள் வரவில்லை. மயிலாத்தாள் "பா... பா..." என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவை இன்னும் உள்ளே ஒடுங்கின. அந்தக் குரல் கூப்பிட்டுத்தானே போன தடவை வந்தன.

அவள் வாயை மூடிக்கொண்டு தூரப் போய் உட்கார்ந்தாள். வெட்டிப் போட்ட வேப்பங்கிளைக்கு அடியில் சேவல் மண்ணைக் கிளறியது. கரையான். 'கொக் கொக் கொக்' என்றது. ஒரு கழுத்து நீண்டது. ஒரு கால் மண்ணில் பட்டு, சூடுபட்டதுபோல உள்ளே போய், திரும்ப வந்தது. பொழுது இறங்கும்வரைக்கும் சேவல் தின்னாமல் கூப்பிட்டுக்கொண்டே நின்றது. கடைசிக் கோழி வந்தபிறகுதான் அது ஒரு கொத்துக் கொத்தியது.

பூட்டை உடைத்ததால் மயிலாத்தாள் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டாள். அனுமதியில்லாமல் விடுதலை செய்தது விதிமீறல். போகட்டும் என்று, முட்டை மறுபடி வந்ததும் குமாரவேலிடம் எடுத்துப் போனாள். அவர் கூடையைத் தொடவில்லை. விழாப் படம் திருப்பூர் பூராவும் வாட்ஸப்பில் சுற்றி வந்திருந்தது, தமிழ் விளக்கத்தோடு.

"தப்பா நெனைச்சுக்காதீங்க மயிலாத்தா. கூண்டுக்கோழி முட்டை நாங்க வாங்கறதில்லீங்க. போர்டு வெச்சிருக்கறமுங்க."

மறுவாரம் சிவராஜ் இனிப்போடு வந்தான். அத்தை ஊட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான்.

"பர்மனென்ட் ஆயிருச்சுங்க அத்தை."

மயிலாத்தாள் இனிப்பை வாங்கவில்லை. "அப்பச் சேவலை அறுக்கோணும். நான் கேட்டதை முனியப்பன் செஞ்சுட்டாரு. நாளைக்குக் கோயிலுக்கு வா. நீயே அறு."

சிவராஜ் ஒரு எட்டு பின்னால் வைத்தான். "நானா? நான் கோழி நல அதிகாரிங்க அத்தை! ஆராவது படம் எடுத்தாங்கன்னா வேலை போயிரும். கம்பெனி பாலிசில ஒத்துக்கமாட்டாங்க. ஒரு தேங்காயா ஒடைச்சர்லாமுங்களா?"

"முனியப்பனுக்கு பாலிசி கெடையாது கண்ணு."

அவன் இனிப்பை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் அவன் வரவில்லை. மயிலாத்தாள் போனாள். சேவல் இல்லாமல், வெறுங்கையோடு. அய்யாசாமி பூசாரியிடம் பூக் கேட்கச் சொன்னாள்.

"என்னன்னு கேக்கட்டும் அம்மணி?"

"நேர்ந்தது நானு. அனுபவிக்கறது அவன். இந்த நேர்த்தி என்ற தலையிலருந்து எறங்கி அவன் தலைமேல ஏறட்டுமான்னு கேளுங்க. சேவலு என்ற கோழிகளோட இருக்கட்டும். அவன் செலுத்தற அன்னைக்குச் செலுத்திக்கட்டும்."

அய்யாசாமி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். செலுத்தாத நேர்த்தியைத் தலையில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. பூக்களை மடித்துக் குலுக்கிப் போட்டார். ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

இப்போதெல்லாம் சிவராஜ் ஏரிக்கரை வழியாக வருவதில்லை. கம்பெனிக்குப் போக வேறு ரோட்டில் சுற்றிக்கொண்டு போகிறான். விசாரித்தால், அந்தப் பக்கம் டிராஃபிக் என்கிறான். மேட்டில் சேவல் கொழுத்துத் திரிகிறது. அதை யாரும் அறுக்க முடியாது, அடைக்க முடியாது. அறிக்கையில் அது இன்னும் காட்டுப் பறவைதான்.